ஆறு நாள் விரதம்... ஏழாம் நாள்தான் பரீட்சை!

பழனியில் காப்பு கட்டுகிறவர்கள் முதல் கொடைக்கானல் குளிரில் தண்ணீர் விரதம் இருக்கிறவர்கள் வரை... பல நாள் பட்டினியால் உடம்புக்கு உண்மையில் கிடைப்பது என்ன?

கந்த சஷ்டியின் ஆறாம் நாள். பழனி மலைக்கோயிலில் குடும்பம் குடும்பமாக வட்டம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வட்டத்தின் நடுவே அகலமான பாத்திரம். அதில் பொடியாக நறுக்கிய வாழைத்தண்டு. அதன் மேல் பழத்துண்டுகள் விழுகின்றன, தயிர் விழுகிறது. பிசைகிற கையில், முதல் நாள் கட்டிய காப்புக் கயிறு நிறம் மங்கித் தெரிகிறது. முருகனுக்குப் படைத்துக் கற்பூரம் காட்டி முடித்ததும் ஆளுக்கு ஒரு பிடி கொடுக்கிறார்கள். பாலும் பழமுமாக ஆறு நாளை ஓட்டியவர் இருக்கிறார். இளநீரோடு நிறுத்திக்கொண்டவர் இருக்கிறார். எண்ணி எடுத்த மிளகைத் தவிர வேறெதையும் பல்லில் படவிடாதவரும் இருக்கிறார். எல்லோருக்கும் அதே ஒரு பிடிதான். மெதுவாக மெல்கிறார்கள். யாரும் இரண்டாவது தடவை கை நீட்டுவதில்லை.

இதற்குப் பழனியில் 'தண்டு விரதம்' என்று பெயர். பிற்பகலில் மலைக்கொழுந்து அம்மனிடம் சக்திவேல் வாங்கிக்கொண்டு உற்சவரான சின்னக்குமாரர் மலையிலிருந்து இறங்குவார். மாலையில் கிரிவீதியில் தாரகாசுரன், பானுகோபன், சிங்கமுகாசுரன், சூரபத்மன் என நான்கு சூரர்களும் வீழ்வார்கள். மறுநாள் திருக்கல்யாணம். முழுச் சாப்பாடு அதற்குப் பிறகுதான். ஒரு பிடித் தண்டுக்கும் கல்யாணச் சாப்பாட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு நாள் இடைவெளி விட்டிருக்கிறார்கள் நம் முன்னோர்.

இன்றைக்கு விரதம் கோயில் வாசலைத் தாண்டிவிட்டது. கைப்பேசியைத் திறந்தால் 'மிளகு விரதம்', 'எழுபத்திரண்டு மணி நேரத் தண்ணீர் விரதம்', 'ஆட்டோபேஜி' என்று வரிசையாக வீடியோக்கள். ஐப்பசியில் காப்பு கட்டியவர் இப்போது உடம்பைக் குறைக்கவும் சர்க்கரையைக் குறைக்கவும் அதே விரதத்தை நினைக்கிறார். ஊர்ச் சத்தம் வேண்டாம் என்று மலையேறி, கொடைக்கானலிலும் வட்டக்கானலிலும் அறை எடுத்து இருந்து பார்க்கலாம் என்ற எண்ணமும் பலருக்கு வருகிறது. எத்தனை நாள் தாங்குவது என்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எப்படி முடிப்பது, யார் தொடங்கவே கூடாது என்ற பேச்சு மட்டும் குறைவாக இருக்கிறது. ஆபத்தும் பயனும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

இந்த மலைக்குப் பழகிய பசி

பழனிக்குப் பக்கத்தில் ஐவர்மலை இருக்கிறது. அங்கே பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும், பாண்டியன் வரகுணன் காலத்துக் கல்வெட்டும் உள்ளன. கல்வெட்டின் ஆண்டு கி.பி. 870. உண்ணாநோன்பைத் தவத்தின் உச்சமாகக் கொண்ட சமணம் இந்த மலையடிவாரத்தில் வாழ்ந்ததற்கு அது சாட்சி. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் துறந்ததைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால், வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனையும் அவனுக்காக உயிர் துறந்த பிசிராந்தையாரையும் சங்க இலக்கியம் நினைவில் வைத்திருக்கிறது.

அரசியலிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்கக் கோரி 1956-ல் விருதுநகரில் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டார். 21 நாள் உண்ணாவிரதத்தை 1924, 1933, 1943 என மூன்று முறை மேற்கொண்டவர் காந்தி. சாதி பாராமல் எல்லோருக்கும் கோயில் கதவு திறந்த பிறகு, 1946 பிப்ரவரியில் அவர் பழனிக்கு வந்தார். அடுத்த மாதமே புனே அருகே உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ மையத்தைத் தொடங்கினார். மன உறுதிக்காக இருந்த விரதமும் உடல்நலத்துக்காக இருக்கும் விரதமும் அவர் வாழ்க்கையில் ஒன்றாகவே நடந்தன.

மலைக்கு மேலே போனாலும் முருகன்தான். பூம்பாறையில் குழந்தை வேலப்பர். கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர். இந்து சமயத்தைத் தழுவிய மேலைநாட்டுப் பெண்மணி லீலாவதி ராமநாதன் 1936-ல் எழுப்பிய கோயில் அது. செண்பகனூரில் இயேசு சபையினர் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்து தங்கினார்கள்; அங்கே தவக்காலம் நாற்பது நாள். அடிவார ஊர்களில் ரம்ஜான் நோன்பு ஒரு மாதம். வழிபாடு வேறுபட்டாலும் ஒரு விஷயத்தில் எல்லா மரபும் ஒத்துப்போகிறது. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பயணத்தில் இருப்பவருக்கும் இஸ்லாம் விலக்கு தருகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் ஒருசந்திக் கடமை 18 வயதிலிருந்து 59 வயது வரை உள்ளவர்களுக்குத்தான். கந்த சஷ்டியிலும் முடியாதவர்களுக்குப் பாலும் பழமும் உண்டு, ஒருவேளைச் சாப்பாடும் உண்டு. விலக்கு பக்திக்குக் குறைவு என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை. வீடியோக்களில்தான் அந்தப் பகுதி காணாமல் போய்விட்டது.

────────────
■ எத்தனை வகை விரதம்?

• ஒருவேளை விரதம்: பகலில் ஒருமுறை மட்டும் சாப்பாடு. பெரும்பாலானோர் இருப்பது இதுதான்.

• பால் பழ விரதம்: ஓரளவு மாவுச்சத்தும் புரதமும் உடம்புக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

• இளநீர் விரதம்: நீரும் பொட்டாசியமும் கிடைக்கும், புரதம் கிடைக்காது. சிறுநீரக நோயாளிகளுக்கு ஆபத்து.

• மிளகு விரதம்: முதல் நாள் 1 மிளகு, இரண்டாம் நாள் 2 என்று ஏறி ஆறாம் நாள் 6. ஆறு நாளுக்கும் சேர்த்து 21 மிளகு. கூடவே தண்ணீர். உடம்பின் கணக்கில் இது முழுப் பட்டினி.

• நீரும் அருந்தாத விரதம்: ஒரு பகலுக்கு மேல் நீடித்தால் யாருக்கும் பாதுகாப்பானது அல்ல.
────────────

முதல் மூன்று நாள்

முதல் நாள் பெரும்பாலானோர் சொல்லும் புகார் பசி அல்ல, தலைவலி. காலையும் மாலையும் காபி குடித்துப் பழகியவருக்கு அது நின்றதும் நெற்றிப்பொட்டில் தெறிக்கும். இதே நேரத்தில் கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை கரைய ஆரம்பிக்கிறது. அது ஏறத்தாழ 100 கிராம்தான் இருக்கும். ஒரு நாளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அந்தச் சர்க்கரை தன்னோடு சேர்த்துப் பிடித்து வைத்திருந்த தண்ணீரும் சிறுநீராக வெளியேறும், உப்பும் கூடவே போகும். முதல் இரண்டு மூன்று நாளில் எடை மளமளவென்று இறங்குவதற்குப் பெரிய காரணம் இதுதான். கொழுப்பு அந்த வேகத்தில் கரையாது.

இரண்டாம் நாள் கடினமான நாள். மூளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். சாப்பாடு இல்லை, சேமிப்பும் இல்லை. உடம்பு தசையிலிருக்கும் புரதத்தைக் கரைத்துக் குளுக்கோஸ் செய்கிறது. எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, கண்ணைக் கட்டிக்கொண்டு வருவது போன்ற உணர்வு, எரிச்சல், தூக்கக் குறைவு எல்லாம் இப்போது வரும்.

மூன்றாம் நாளுக்கு மேல் நிலைமை மாறுகிறது. கொழுப்பு கரைந்து கல்லீரலில் கீட்டோன்களாகிறது. அவற்றை எரிபொருளாக எடுத்துக்கொள்ள மூளை பழகுகிறது. பலருக்குப் பசி அடங்கும். வாயில் ஒரு கசப்பும், மூச்சில் பழம் அழுகியது போன்ற ஒரு வாடையும் வரும். மனம் தெளிந்தது போலத் தோன்றும். நீண்ட நாள் விரதம் இருந்தவர்கள் சொல்லும் அந்த அமைதி பொய்யல்ல. ஆனால் அந்த அமைதிக்குள்ளேயே ஆபத்தும் வளரலாம். பசி இல்லை என்பதால் உடம்பு நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

பயன்: எது உண்மை, எது மிகை?

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகமும் நார்வே விளையாட்டு அறிவியல் கல்லூரியும் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒன்று 2024-ல் வெளியானது. ஆரோக்கியமான 12 பேர் ஏழு நாள் தண்ணீர் மட்டும் குடித்தார்கள். அவர்கள் ரத்தத்தில் சுமார் 3,000 புரதங்களை நாள்தோறும் அளந்தார்கள். முதல் இரண்டு மூன்று நாளில் உடம்பு எரிபொருளை மாற்றியது. உடல் முழுவதும் பரவலான மாற்றங்கள் தெரியத் தொடங்கியது மூன்று நாளுக்குப் பிறகுதான். சராசரியாக 5.7 கிலோ எடை குறைந்தது. அதில் கொழுப்பும் உண்டு, தசையும் உண்டு. மறுபடி சாப்பிட்ட மூன்று நாளில் கொழுப்பல்லாத எடை ஏறக்குறைய முழுதும் திரும்பிவிட்டது; கொழுப்புக் குறைவு மட்டும் நின்றது. ஆகவே மூன்று நாளைத் தாண்டிய விரதத்தில் ஏதோ நடக்கிறது என்பது உண்மை. அது நோயைத் தடுக்குமா, ஆயுளைக் கூட்டுமா என்பதற்கு 12 பேரை வைத்து விடை சொல்ல முடியாது.

இன்னொன்று ஜெர்மனியின் புகிங்கர் வில்ஹெல்மி மருத்துவமனை 2019-ல் வெளியிட்டது. 4 முதல் 21 நாள் வரை விரதம் இருந்த 1,422 பேரின் பதிவு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு எல்லாம் குறைந்தன. பெரும்பாலானோர் பசியே தெரியவில்லை என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர்கள் வெறும் தண்ணீரில் இல்லை. சூப்பும் பழச்சாறுமாக நாளைக்கு 200 முதல் 250 கலோரி உள்ளே போனது, மருத்துவர் கண்காணிப்பும் இருந்தது. ஆய்வு செய்தவர்களும் அந்த மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க, விரதம் இராத குழு ஒன்று வைக்கப்படவில்லை.

'ஆட்டோபேஜி' என்ற சொல்லை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். செல்கள் தங்கள் பழைய பாகங்களைத் தாங்களே உடைத்து மறுபடி பயன்படுத்தும் வேலை அது. அதன் அடிப்படையை ஈஸ்ட் செல்களில் கண்டுபிடித்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது. 'எழுபத்திரண்டு மணி நேரம் பட்டினி கிடந்தால் மனித உடம்பு முழுக்கச் சுத்தமாகும்' என்று அவர் சொல்லவில்லை. மனிதர்களில் எந்த மணி நேரத்தில் இது எவ்வளவு கூடுகிறது என்று வரையறுக்கும் உறுதியான சான்றும் இல்லை. வீடியோவில் வரும் மணிக்கணக்கு அட்டவணைகளை நம்பி நாட்களைக் கூட்ட வேண்டியதில்லை.

எடை குறைப்பதுதான் நோக்கம் என்றால் பல நாள் பட்டினி அவசியமே இல்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரை ஓராண்டு கவனித்து 2022-ல் வெளியான ஆய்வில், காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும், நேரக் கட்டுப்பாடு இல்லாமல் அதே அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் எடை இழப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. கணக்கில் நிற்பது மொத்தத்தில் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதே.

அப்படியானால் பல நாள் விரதத்தின் பயன் என்ன? நேர்மையாகச் சொன்னால், ஆரோக்கியமானவருக்குச் சிறிது கொழுப்புக் குறைவு, தற்காலிகமாகக் குறையும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும், நாக்கின் மேல் ஒரு கட்டுப்பாடு. நினைத்த நேரமெல்லாம் நொறுக்குத்தீனியைத் தேடும் கையை ஒரு வாரம் நிறுத்தி வைக்க முடிகிறது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை அடுத்த மாதச் சாப்பாட்டுத் தட்டில் தெரிந்தால் விரதம் பயன் தந்தது. தெரியாவிட்டால் இறங்கிய எடை திரும்ப ஏறிவிடும்.

────────────
■ எண்களில் விரதம்

• 382 நாள்: ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பார்பியரி 1965–66-ல் உணவின்றி இருந்த காலம். எடை 207 கிலோவிலிருந்து 82 கிலோவாகக் குறைந்தது. அத்தனை கொழுப்பு கைவசம் இருந்தவர் அவர். மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள், உப்புச் சத்துகளும் வைட்டமின்களும் கொடுத்தார்கள்.

• 76 நாள்: அறுபதைத் தாண்டிய வயதில் சங்கரலிங்கனாரின் உண்ணாவிரதம். உயிரிழப்பில் முடிந்தது.

• 14.4 சதவீதம்: தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளவர்களின் பங்கு, ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, 2023. இந்திய அளவில் இது 11.4.

• 53.4 சதவீதம்: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள், ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு.

• 70-க்குக் கீழ், 300-க்கு மேல்: நோன்பிருக்கும் நீரிழிவு நோயாளியின் ரத்தச் சர்க்கரை இந்த எல்லைகளைத் தொட்டால் உடனே விரதத்தை விட வேண்டும்.
────────────

சர்க்கரை மாத்திரையோடு காப்பு கட்டினால்...

பழனியில் காப்பு கட்ட வரிசையில் நிற்கும் நடுத்தர வயதுக்காரர்களில் எத்தனை பேர் பையில் மாத்திரைப் பட்டை இருக்கும் என்பதை மேலே உள்ள எண்ணிலிருந்தே ஊகிக்கலாம். அவர்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டிலும் ஆபத்து உண்டு. மாத்திரையைத் தொடர்ந்தால், கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் வெறும் வயிற்றிலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். வியர்வை, நடுக்கம், உளறல், பிறகு மயக்கம். பக்கத்தில் இருப்பவர்கள் 'விரதக் களைப்பு' என்று விசிறிக்கொண்டிருக்கும் நேரத்தில் மூளைக்குச் சர்க்கரை கிடைக்காமல் போகும். டாக்டரைக் கேட்காமல் எல்லா மாத்திரையையும் நிறுத்தினால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்கடங்காமல் போகலாம்.

புதிதாக ஒரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. காப்புரிமை முடிந்ததால் இவற்றின் விலை இறங்கிவிட்டது. எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில்தான் முடிந்தது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று டாக்டர்கள் பலருக்கு எழுதுகிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால் இதைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ரத்தம் அமிலமாகும் 'கீட்டோஅசிடோசிஸ்' வரலாம். வீட்டிலுள்ள கருவியில் பார்த்தால் சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது. அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு என்று வரும்போது அது அவசர சிகிச்சைக்கான நேரம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் விரதத்துக்குச் சில நாள் முன்பே டாக்டரிடம் போக வேண்டும்.

யூரிக் அமிலம் கூடுதலாக உள்ளவருக்குப் பட்டினியில் அது இன்னும் ஏறும். கால் பெருவிரல் மூட்டில் தாங்க முடியாத வலி வரலாம். சிறுநீர் பிரிய மாத்திரை சாப்பிடும் ரத்த அழுத்தக்காரருக்குத் தண்ணீரும் உப்பும் இரட்டிப்பாக வெளியேறும். அந்த நிலையில் 693 படி ஏறி இறங்குவதும், கூட்டத்தில் கிரிவீதியில் மணிக்கணக்காக நிற்பதும் சாதாரண விஷயமல்ல.

அடுப்படியில் நடக்கும் விரதம்

கந்த சஷ்டியில் குழந்தை வரம் வேண்டி விரதம் இருக்கும் பெண்கள் ஏராளம். அந்த வேண்டுதலின் கனத்தை மதிக்க வேண்டும். மதிப்பதனாலேயே சில விஷயங்களைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குழந்தைப்பேறு சிகிச்சையில் இருப்பவர் மாத்திரைகளையும் ஊசிகளையும் விரதத்துக்காகத் தள்ளிப்போடக் கூடாது. நாள் தள்ளிப்போயிருந்தால், சோதித்துப் பார்க்காமல் முழுப் பட்டினி இருக்கக் கூடாது. வேண்டிய வரம் ஏற்கெனவே வயிற்றில் இருக்கலாம். பால் கொடுக்கும் தாய்க்கும் முழுப் பட்டினி வேண்டாம்.

தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அவர்களில் ஒருவர் ஆறு நாள் விரதம் இருக்கும் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காலையில் பிள்ளைகளுக்கு இட்லி, கணவருக்கு டிபன் பாக்ஸ், மாமியாருக்குக் கஞ்சி, மாலையில் எல்லோருக்கும் பலகாரம். சாப்பிடாதவர் சமைக்கிறார், பரிமாறுகிறார், பாத்திரம் கழுவுகிறார், வேலைக்கும் போய் வருகிறார். ஆண் விரதம் இருந்தால் வீடே அவருக்காக மெதுவாக நடக்கிறது. பெண் விரதம் இருந்தால் வீட்டில் எதுவும் மாறுவதில்லை. ஓய்வு இல்லாத பட்டினி உடம்பை இரண்டு பக்கமும் அரிக்கும். மனைவியின் விரதத்தில் பங்கு கேட்கும் கணவர், புண்ணியத்தில் கேட்பதற்கு முன் அடுப்படியில் பங்கு கேட்கட்டும்.

இன்னும் இளையவர்கள் பற்றிய கவலை தனியானது. 2025 மார்ச்சில் கேரளத்தில் பதினெட்டு வயதுப் பெண் ஒருவர், இணையத்தில் பார்த்து உணவைக் குறைத்துக்கொண்டே போய் உயிரிழந்த செய்தி பல பெற்றோரை உலுக்கியது. சாப்பாட்டை வெறுக்கும் நோய்க்கு விரதம் ஒரு நல்ல மறைவிடம். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944–45-ல் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய நினைப்பும் பேச்சும் கனவும் சாப்பாட்டைச் சுற்றியே ஓடின, மனச்சோர்வு மிகுந்தது. வயதுவந்த திடமான ஆண்களுக்கே அந்த நிலை. வளரும் பிள்ளை 'நானும் விரதம்' என்று தொடர்ந்து தட்டைத் தள்ளினால், பக்தி என்று பெருமைப்படுவதற்கு முன் எடையைப் பாருங்கள்.

கொடைக்கானல் குளிர் சொல்லும் பொய்

சுமார் 7,000 அடி உயரம், குளிர், மேகம், அமைதி. விரதத்துக்கு இதைவிட நல்ல இடம் எது என்று தோன்றும். ஓய்வுக்கு நல்ல இடம்தான். பட்டினிக்கு இங்கே சில சிக்கல்கள் இருக்கின்றன. குளிரில் தாகம் தெரியாது. ஆனால் சிறுநீர் அதிகம் போகும். உயரமும் அதைக் கூட்டும், பட்டினியும் கூட்டும். மூன்றும் சேரும்போது, தாகமே எடுக்காத ஒருவரின் உடம்பில் தண்ணீரும் உப்பும் வேகமாகக் குறைகின்றன. காலையில் போர்வையை விலக்கி எழுந்து நின்ற மாத்திரத்தில் தலை சுற்றி விழுவது இதனால்தான். பட்டினியில் உடம்பு சூடு உண்டாக்குவதும் குறைவதால் குளிரும் அதிகமாகத் தாக்கும்.

பிரச்சினை பெரிதானால் பாதை நினைவுக்கு வரும். வத்தலக்குண்டுக்கும் பழனிக்கும் இறங்குவது வளைவு வளைவான மலைப்பாதை. தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் தேனிக்கோ மதுரைக்கோ போக வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் தாமதமாகும். தனியாக அறை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை மட்டும் துணைக்கு வைத்துக்கொள்வது இந்த மலையில் செய்யக் கூடாத காரியம். விரதம் இருந்தே தீர வேண்டுமானால் கூட ஒருவர் இருக்கட்டும். உப்புக் கரைசல் பொட்டலம் கையில் இருக்கட்டும். மலையேற்றமும் வண்டி ஓட்டுவதும் வேண்டாம்.

பஞ்சாமிர்தம் காத்திருக்கட்டும்

இப்போது ஏழாம் நாளுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட கைதிகளில் சிலர், பட்டினியில் சாகாமல், விடுதலைக்குப் பின் வயிறாரச் சாப்பிட்டபோது இறந்தார்கள். காரணம் பிறகுதான் புரிந்தது. பல நாள் பட்டினிக்குப் பின் திடீரென மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ளே போனால் இன்சுலின் பெருகுகிறது. அது ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாவற்றையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. தயமின் என்ற வைட்டமினும் தீர்ந்துபோகிறது. ரத்தத்தில் இவை குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசைகள் தளரும். வெடித்துக் கிடக்கும் வயலில் மதகை முழுதாகத் திறந்தால் தண்ணீர் வரப்பை அரித்துக்கொண்டுதான் ஓடும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி, ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவருக்கு முதல் இரண்டு நாள் வழக்கமான தேவையில் பாதிக்கு மேல் உணவு கொடுக்கக் கூடாது என்கிறது.

மிளகும் தண்ணீருமாக ஆறு நாள் இருந்தவர் இந்த எல்லையைத் தாண்டியவர். பால் பழம் சாப்பிட்டவருக்கு ஆபத்து குறைவு. உடல் மெலிந்தவர், மதுப்பழக்கம் உள்ளவர், வயதானவர் ஆகியோருக்கு அதிகம்.

இந்த இடத்தில்தான் தண்டு விரதத்தின் அருமை தெரிகிறது. வாழைத்தண்டில் நீர் அதிகம், சர்க்கரை குறைவு. அதோடு சிறிது தயிர், சிறிது பழம். அளவு ஒரு பிடி. பிறகு ஓர் இரவு இடைவெளி. வயிற்றுக்கு முதலில் தகவல் போகிறது, சாப்பாடு பின்னால் வருகிறது. மருத்துவப் புத்தகம் எழுதப்படுவதற்கு முன்பே பழனி இதை வழக்கமாக்கி வைத்திருக்கிறது. சிறுநீரக நோயாளிகள் மட்டும் பொட்டாசியம் காரணமாக இதிலும் கவனமாக இருக்க வேண்டும். நார் ஒத்துக்கொள்ளாதவர்கள் நன்றாக மென்று கொஞ்சமாகச் சாப்பிடலாம்.

இதே பழனியின் இன்னொரு பெருமை பஞ்சாமிர்தம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. மலைவாழை, சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். அமிர்தம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆறு நாள் முழுப் பட்டினி கிடந்த உடம்புக்கு டப்பாவைத் திறந்து கரண்டி கரண்டியாகக் கொடுத்தால், மேலே சொன்ன இன்சுலின் வெள்ளத்துக்கு மதகைத் திறந்ததுபோல ஆகும். பிரசாதமாக விரல்நுனியில் ஒரு துளி போதும். மிச்சம் வீட்டுக்கு வரட்டும். இரண்டு மூன்று நாள் கழித்து ருசிக்கலாம். திருக்கல்யாண விருந்தில் வடையும் பாயசமும் இலை நிறைய வரும்போதும் இதே கட்டுப்பாடு வேண்டும்.

────────────
■ யார் இருக்கக் கூடாது? எப்போது நிறுத்த வேண்டும்?

பல நாள் முழுப் பட்டினி கூடாதவர்கள்: இன்சுலின் போடுபவர்கள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், எடை குறைந்தவர்கள், சிறுநீரக, இதய நோயாளிகள், உணவுக் கோளாறு இருந்தவர்கள், தளர்ந்த முதியவர்கள். மற்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்: மயக்கம், உளறல், நெஞ்சு படபடப்பு, தொடர் வாந்தி, வேகமான மூச்சு, சிறுநீர் மிகவும் குறைந்து அடர்நிறமாவது. 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

முடிக்கும் முறை: முதல் நாள் நீர்மோர், இளங்கஞ்சி, வேகவைத்த காய் என்று சிறிது சிறிதாக. இரண்டாம் நாள் குழைந்த சாதமும் பருப்பும், அரைவயிறு. வழக்கமான சாப்பாடு மூன்றாம் நாளுக்குப் பிறகு. இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் கடைசியாக.
────────────

தானாக வந்த பசியும், தேடிப் போகும் பசியும்

இதே பழனி மலைகளில் பளியர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கிழங்கு அகழ்ந்தும் தேன் எடுத்தும் வாழ்ந்தவர்கள். காடு கொடுக்காத நாட்களில் அவர்கள் பட்ட பசிக்கு யாரும் காப்பு கட்டவில்லை. அது எப்போது முடியும் என்று அவர்களுக்குத் தெரியாது. விரதம் இருப்பவருக்கு முடியும் நாள் தெரியும். அடுப்படியில் அரிசி இருக்கிறது என்றும் தெரியும். பசி பொறுப்பதைத் தவத்தின் ஆற்றல் என்று ஏற்றுக்கொண்ட வள்ளுவர், பிறர் பசியைத் தீர்ப்பதை அதற்கும் மேலே வைத்தார். 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கும் பழனி கோயிலுக்கு அந்த வரிசை புதிதல்ல. விரத நாட்களில் மிச்சமாகும் அரிசியும் பருப்பும் அங்கே போய்ச் சேர்ந்தால், ஒருவர் பசி பொறுத்ததில் இன்னொருவர் பசி தீரும்.

கேட்பதற்குச் சில விஷயங்கள் இருக்கின்றன, பெரிய செலவும் இல்லாதவை. காப்பு கட்டும் நாளில் அடிவாரத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் மேசை ஒன்று போடலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவான தமிழில் ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கலாம். பால் பழ விரதமும் முழு விரதம்தான் என்று அதில் முதல் வரியாக எழுதலாம். கொடைக்கானல் விடுதிக்காரர்கள், தனியாக வந்து பல நாள் சாப்பாடே கேட்காத விருந்தினரின் கதவை ஒருமுறை தட்டிப் பார்க்கலாம். டாக்டர்கள், ஐப்பசிக்கு முன்னால் வரும் நோயாளியிடம் 'சஷ்டி விரதம் இருப்பீங்களா?' என்று கேட்கலாம். கேட்டால் சொல்வார்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள்.

விரதம் வேண்டாம் என்று சொல்ல இந்தக் கட்டுரைக்கு விருப்பமில்லை. உடம்பு இடம் கொடுக்கிறவர்களுக்கு அது ஒரு நல்ல ஒழுக்கம். நம்பிக்கை உள்ளவர்களுக்கு அதைவிடப் பெரியது. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை அல்ல. காப்பு கட்டுவதற்கு முன்னாலேயே, ஏழாம் நாள், எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் என்ன சாப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டி வையுங்கள். அதை எழுதி வைக்க முடியாதவர் இந்த ஆண்டு பாலும் பழமும் போதும் என்று முடிவு செய்யட்டும். எத்தனை நாள் தாங்கினேன் என்று சொல்லும் பெருமையைவிட, எப்படி நலமாக முடித்தேன் என்று சொல்லும் பெருமை நம் வீடுகளில் வளர வேண்டும்.